வெட்டுவதற்கும் விற்பதற்கும் நடுவில்: கொழும்பில் மூங்கில்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுப் பல்கனியில் ஒரு மூங்கில் அடுக்குத்தட்டு நின்றது. பூச்சாடி வைக்க என்று ஆசைப்பட்டு வாங்கியது. விலையும் கொஞ்சமில்லை. வாங்கிய ஏழாம் மாதம், ஒரு காலையில் கூட்டும்போது அதன் காலடியில் வெளிர்மஞ்சளாக, சலித்த மாவைப் போல ஒரு தூள் கிடந்தது. கூட்டி அள்ளினேன். அடுத்த நாளும் அதே இடத்தில் அதே குவியல். குனிந்து பார்த்தால் தடி முழுக்கக் குண்டூசியால் குத்தியதுபோல ஓட்டைகள். விரலால் தட்டினேன், உள்ளே ஒன்றுமே இல்லாத சத்தம் கேட்டது.

கீழ்மாடியில் மகள் வீட்டோடு இருக்கும் பெரியவர், ஹற்றன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்துக் கூடை பின்னியவர். ஒரு துண்டை முறித்துக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். "இது ஊறப் போடாத மூங்கில் புள்ள. மாவு பூரா உள்ளுக்குள்ளயே இருக்கு. வண்டு சும்மா விடுமா?" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தத் தூளிலிருந்து பிறந்தது. மூங்கிலைப் பற்றி இப்போது நல்ல பேச்சு நிறையக் கேட்கிறது. பிளாஸ்டிக்கை விரட்டும், வீடு கட்டலாம், துணி நெய்யலாம், காற்றைச் சுத்தமாக்கும் என்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் உண்மை. ஆனால் களனி ஆற்றங்கரையில் நிற்கும் பத்தைக்கும் கொழும்புக் கடையில் நிற்கும் தட்டுக்கும் நடுவில் சில வேலைகள் இருக்கின்றன. அந்த வேலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் ஊரில் மூங்கில் தோற்கும் இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் மூங்கில் என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது மரம் இல்லை, புல். நெல்லுக்கும் கரும்புக்கும் சொந்தம். உலகில் 1,600க்கு மேற்பட்ட மூங்கில் இனங்கள் இருக்கின்றன, எல்லாமே புல் குடும்பம்தான். தமிழுக்கு இது புதுச் செய்தியும் இல்லை. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உட்புறம் வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. புறக்காழ், அகக்காழ் என்பவை அதன் சொற்கள். புல்லாங்குழல் என்ற பெயருக்குள்ளேயே 'புல்' இருப்பதை நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

புறக்காழ் என்ற அந்தச் சொல்லை ஒரு பொறியியலாளர் கேட்டால் தலையாட்டுவார். மூங்கில் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாகவும் உள்ளே போகப் போக ஐதாகவும் இருக்கும். பலம் முழுக்க வெளியோரத்தில். உள்ளே வெறும் குழல், நடுநடுவே கணு என்ற தடுப்பு. வளையும்போது அதிக இழுவையைத் தாங்குவது வெளிப்பக்கம் என்பதால், தேவையான இடத்தில் மட்டும் நாரை வைத்துப் படைத்ததுபோல் இருக்கிறது. பளபளப்பு வரட்டும் என்று தோலைச் சீவி எறிகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சீவப்படுவது அதன் எலும்பு.

மரம் வருடாவருடம் பருக்கும். மூங்கில் பருக்காது. மண்ணிலிருந்து குருத்து எந்தப் பருமனில் வெளியே வருகிறதோ, சாகும்வரை அதுதான் பருமன். உயரம் மட்டும் இரண்டு, மூன்று மாதங்களில் விறுவிறுவென்று ஏறி முடிந்துவிடும். நாளொன்றுக்கு 91 சென்ரிமீற்றர் வரை வளர்ந்த மூங்கில்கள் பதிவாகியிருக்கின்றன. பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரமாக நிற்கும் இராட்சத மூங்கிலைப் பார்க்காத கொழும்புப் பள்ளிக்கூடப் பிள்ளை அரிது, சுற்றுலா பஸ் கட்டாயம் அங்கே நிற்கும். பர்மா, தாய்லாந்துப் பக்கத்து இனம் அது. நூறு அடி உயரம் போகும், மழைக்காலத்தில் ஒரு நாளில் ஓரடி வளரும். அந்தத் தடிகளில் காதலர் பெயர் கீறாத இடமே இல்லை.

இந்த வேகத்தைத்தான் எல்லாரும் விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் வளர்ந்து முடிந்த தடி முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு வயதுத் தடி பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே தண்ணீர். காய்ந்தால் சுருங்கி, கோணி, வெடிக்கும். நார் இறுகிப் பலம் வர மூன்றிலிருந்து ஐந்து வருடம் வேண்டும். அதற்கு மேல் விட்டாலும் தடி மெல்ல நலிந்து, பத்தைக்குள்ளேயே செத்து நிற்கும். ஆக மூங்கிலை வெட்டாமல் காப்பாற்றுவது என்பது அதற்குச் செய்யும் நன்மை இல்லை. வருடாவருடம் முற்றிய தடிகளை மட்டும் பார்த்து எடுத்து, இளசுகளை விட்டுவைக்க வேண்டும். அப்போதுதான் பத்தை தழைக்கும். இது காட்டைப் பராமரிக்கும் முறையைவிடத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் முறைக்கே நெருக்கம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய நாட்டுக்கே நீண்ட காலம் எடுத்தது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரக் கணக்கில் சேர்த்தது. தன் சொந்தக் காணியில் நட்ட மூங்கிலை வெட்டி வண்டியில் ஏற்றவும் அனுமதி கேட்டு அலைய வேண்டியிருந்தது. 2017இல்தான் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஒரே ஒரு சொல்லை நீக்குவதற்குத் தொண்ணூறு வருடம்.

நம்மூர் வீடுகளுக்கு மூங்கில் புதிதாக வந்த விருந்தாளி இல்லை. யாழ்ப்பாணத்தில் பனையோலை நீத்துப்பெட்டியில் அவிக்கும் பிட்டைக் கொழும்பில் குழலில் அவிப்பார்கள். இப்போது அது அலுமினியக் குழல். அதற்கு முன்பு கயிறு சுற்றிய மூங்கில் துண்டுதான் பிட்டுக் குழல். கயிறு சுற்றியது கையைச் சுடாமலிருக்கவும், மூங்கில் வெடித்துவிடாமலிருக்கவும். என் அம்மம்மா கடைசிவரை அதைத்தான் வைத்திருந்தா. அந்தப் பிட்டின் பச்சை மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மலையகத்தில் கொழுந்துக் கூடை, இப்போது அதன் இடத்தில் பிளாஸ்டிக் சாக்கும் பையும். வெசாக் நெருங்கினால் கொழும்புத் தெருவோரங்களில் மூங்கில் சிம்புகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி விற்பார்கள். வெசாக் விளக்குக் கூடும், காலிமுகத்திடலில் பறக்கும் பட்டமும் நிற்பது அந்தச் சிம்பின் பலத்தில்தான். சிம்பு கொஞ்சம் தடித்தால் பட்டம் எழும்பாது, கொஞ்சம் மெலிந்தால் காற்றில் முறியும். எங்கே சீவுவதை நிறுத்துவது என்பதைப் பத்து வயதுப் பையனின் விரல் அறிந்து வைத்திருக்கும்.

இடியப்பத் தட்டின் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. பிரம்பிலும் ஈர்க்கிலும் மூங்கிலிலும் பின்னிய தட்டுகள் கொழும்புக் கடைகளிலிருந்து மெல்ல மறைந்து, எல்லா இடத்திலும் நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் தட்டு வந்தது. கொதிக்கும் ஆவியில் பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் நம் காலைச் சாப்பாடு. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒரு தடவை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றை இலங்கை தடை செய்தபோது, உறிஞ்சுகுழல், கரண்டி, முள்ளுக்கரண்டி, கோப்பை, பூமாலை இவற்றோடு இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அதற்கு முன் 2021இல் சிறு பொட்டலங்களுக்கும் பிளாஸ்டிக் தண்டு கொண்ட காதுக் குச்சிக்கும் தடை வந்திருந்தது. அதே 2021 மே மாதத்தில்தான் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து, ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகளைக் கடலில் கொட்டியது. நீர்கொழும்பிலும் மற்றக் கரைகளிலும் மணலோடு கலந்து கிடந்த வெள்ளை மணிகளைக் கையில் அள்ளியவர்களுக்குப் பிளாஸ்டிக்கைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அடுத்த வருடம் டொலர் தட்டுப்பாடு வந்து இறக்குமதி இறுகியது. உள்ளூரில் வளரும் எதையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும் நிலை எல்லாருக்கும் வந்தது. மூங்கில் மீது இப்போதிருக்கும் ஆசை இந்த மூன்றும் சேர்ந்து பிறந்தது.

உலகத்திலும் காற்று இந்தப் பக்கம்தான் வீசுகிறது. பெய்ஜிங்கில் தலைமையகம் கொண்ட சர்வதேச மூங்கில், பிரம்பு அமைப்பு 1997இல் தொடங்கியது. அதுவும் சீன அரசும் சேர்ந்து 2022 நவம்பரில் 'பிளாஸ்டிக்குக்குப் பதில் மூங்கில்' என்ற திட்டத்தை அறிவித்தன. அதே மாதம் பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து அந்த வழியாகப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள், கூரையின் உட்புறம் முழுக்க மூங்கில். மட்ரிட் விமான நிலையத்தின் அலைபோன்ற கூரை 2006இலேயே மூங்கில் பட்டிகளால் ஆனது. அங்கெல்லாம் போவது முழுத் தடி இல்லை. கீறி, மாவு நீக்கி, காயவைத்து, பசையிட்டு அழுத்திய பலகையும் பட்டியும். நம் குசினிக்கு வரும் வெட்டுப்பலகையும் அந்த வகைதான். மூங்கிலின் இன்றைய வியாபாரத்தில் பெரும்பணம் இருப்பது இந்த அழுத்திய பலகையிலும், அதைச் செய்யும் இயந்திரங்களிலும்.

முழுத் தடியில் வீடு கட்டுவதில் பெரிய அனுபவம் தென்னமெரிக்காவுக்கு. 1999இல் கொலம்பியாவின் ஆர்மெனியா நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது, சரியாகப் பராமரித்த மூங்கில் சட்டகமும் மண்பூச்சும் கொண்ட பழைய வீடுகள் பல நின்றுபிடித்தன, சீமெந்துக் கட்டடங்கள் பல இடிந்தன. பின்னர் அந்த நாட்டின் கட்டட விதிகளிலேயே மூங்கிலுக்கு இடம் கிடைத்தது. மூங்கில் வீட்டுக்கு நல்ல தொப்பியும் நல்ல சப்பாத்தும் வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்களாம். கூரை வெளியே நீண்டு மழையை மறைக்க வேண்டும், கால் மண்ணைத் தொடாமல் கல்லிலோ கொங்கிறீற்றிலோ நிற்க வேண்டும். என் தட்டு நின்றது திறந்த பல்கனியில், தென்மேல் பருவ மழை சாரலடிக்கும் பக்கம். தொப்பியும் இல்லை, சப்பாத்தும் இல்லை.

ஹொங்கொங்கைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் மூங்கில் பேச்சு எடுத்தால் இப்போது பலர் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே வானுயரக் கட்டடங்களுக்கும் மூங்கிலில்தான் சாரம் கட்டிவந்தார்கள், நைலோன் பட்டியால் முடிச்சுப் போட்டு. 2025 நவம்பர் 26 அன்று தாய் போ பகுதியில், திருத்த வேலைக்காகச் சாரம் கட்டியிருந்த தொடர்மாடிகளில் தீப் பிடித்து 150 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். தொடர்மாடியில் இருக்கும் யாருக்கும் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நித்திரை வந்திருக்காது. முதலில் எல்லாக் கையும் மூங்கிலைத்தான் காட்டியது. விசாரணை நகர நகர, தீத்தடுப்புத் தரத்துக்குக் குறைந்த வலைகளும் ஜன்னல்களை மூடியிருந்த நுரைப்பலகைகளும் தீயைப் பரப்பியதாக அதிகாரிகள் சொன்னார்கள். காய்ந்த மூங்கில் எரியும் என்பதை யாரும் மறுக்க முடியாது. அதே ஆண்டு மார்ச்சிலேயே பொது வேலைகளில் பாதிக்காவது உலோகச் சாரம் வேண்டும் என்று அந்த அரசு முடிவெடுத்திருந்தது. உயரக் கட்டடத்துக்கு உலோகம்தான் சரி என்று எனக்கும் படுகிறது. மூங்கிலை நேசிப்பதற்காக அதை எல்லா வேலைக்கும் இழுக்கத் தேவையில்லை.

புகழ் வந்தால் பொய்யும் கூடவே வரும். கொழும்புக் கடைகளில் மூங்கில் துணி என்று மெத்தென்ற உடுப்பும் துவாயும் விற்கிறார்கள். மூங்கில் நாரை இயந்திரத்தால் பிரித்து நெய்த துணி உண்டு, ஆனால் அது மிகக் குறைவு, கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருக்கும். கடையில் கிடைக்கும் மெத்தென்ற துணி பெரும்பாலும் ரேயோன். மூங்கில் கூழைக் கடுமையான இரசாயனங்களில் கரைத்து இழையாக இழுப்பார்கள். அந்த நிலைக்குப் போனபின் அது மூங்கிலிலிருந்து வந்ததா வேறு மரத்திலிருந்து வந்ததா என்பதில் பெரிய வித்தியாசமில்லை. ரேயோனை மூங்கில் என்று விற்றதற்காக அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு 2009 முதலே நடவடிக்கை எடுத்துவருகிறது. 2022இல் இரண்டு பெரிய கடைச் சங்கிலிகள் சேர்ந்து 55 இலட்சம் டொலர் கட்ட நேர்ந்தது.

கோப்பை விஷயம் இன்னும் கவலையானது. 'மூங்கில் கோப்பை' என்று மங்கிய நிறங்களில் வரும் சில கோப்பைகளும் பிள்ளைகளின் தட்டுகளும் மூங்கில் தூளை மெலமைன் பிளாஸ்டிக்கோடு கலந்து வார்த்தவை. சூடான தேத்தண்ணி ஊற்றினால் மெலமைனும் போர்மல்டிஹைட்டும் அதில் கசியலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இவற்றைச் சந்தையிலிருந்து விலக்கும் வேலையைத் தொடங்கியது. பிள்ளைக்கு நல்லது என்று நம்பி வாங்குகிற தாய்க்கு இப்படி நடப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நார்க்கோடு தெரியாமல், பீங்கான் போல வழவழப்பாக வார்த்த கோப்பை எதையும் மூங்கில் என்று நம்பி வாங்காதீர்கள்.

பல்துலக்கும் பிரஷ் பரவாயில்லை. பிடி உண்மையில் மூங்கில்தான், தூவி மட்டும் பெரும்பாலும் நைலோன். எறியும்போது தூவியைப் பிடுங்கிவிட்டுப் பிடியை மண்ணில் புதைக்கலாம். மேசைமேல் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிற்கும் 'அதிர்ஷ்ட மூங்கில்' மூங்கிலே இல்லை, அது டிரசீனா என்ற வேறு செடி. மரத்தைவிட மூங்கில் 35 வீதம் கூடுதலாக ஒட்சிசன் தருகிறது என்ற வரியும் பல இடங்களில் சுற்றுகிறது. உறுதியான ஆய்வு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. பிரம்பையும் மூங்கிலையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி, உள்ளே திண்ணம். கண்டி வீதியில் வேவெல்தெனியப் பக்கம் வரிசையாகத் தொங்கும் ஊஞ்சல்களும் கதிரைகளும் பிரம்பு வேலைக்குப் பேர்போனவை.

சரி, நம் நாட்டில் என்ன மூங்கில் இருக்கிறது? பல வகை. ஹோர்ட்டன் சமவெளியில் இடுப்பளவு குட்டை மூங்கில், உலர் வலயத்து ஆற்றோரங்களில் முள்மூங்கில், ஈரவலயத்தில் சிங்களத்தில் 'பட்ட' என்று அழைக்கும் மெல்லிய சுவர் மூங்கில். இந்தக் கடைசி வகை உலகில் வேறெங்கும் இல்லாத நம் சொந்தச் செடி. கூடையும் தட்டியும் பின்ன அதைப்போல வளைந்து கொடுப்பது வேறில்லை. ஆனால் கொழும்பைச் சுற்றிக் கண்ணில் அதிகம் படுவது பச்சைக் கோடு ஓடிய மஞ்சள் மூங்கில். களனிக் கரையில், வயல் ஓரங்களில், வீட்டு வேலியில் எங்கும் அதுதான். ஒரு துண்டை வெட்டி நட்டாலே பிடிக்கும். வெப்பநாட்டு மூங்கில்கள் பெரும்பாலும் பத்தையாகத்தான் நிற்கும், சீன வகைகளைப்போல மண்ணுக்குள் ஓடிப் பக்கத்து வளவில் முளைக்காது. இந்தப் பயத்தால் நடாமலிருப்பவர்கள் பயத்தை விடலாம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எளிதில் கிடைக்கும் இந்த மஞ்சள் மூங்கிலில் மாச்சத்து மிக அதிகம். அதனால் துளைக்கும் வண்டுக்கு அது பெருவிருந்து. ஒரு அரிசியின் பாதி நீளம்கூட இருக்காது அந்த வண்டு. அது தேடுவது நாரை இல்லை, நாருக்கு நடுவே சேமித்திருக்கும் மாவை. என் பல்கனியில் கொட்டிய தூள் அது தின்று கழித்தது. வெட்டி இரண்டு வாரம் நிழலில் போட்டுவிட்டு வார்னிஷ் பூசி விற்றால், வார்னிஷுக்கு உள்ளே இருக்கும் வண்டு சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். வாங்கியவர் 'மூங்கில் நிலைக்காது' என்று முடிவு கட்டிவிட்டு, அடுத்த தடவை பிளாஸ்டிக் தட்டு வாங்குவார். நானும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தேன்.

பழைய ஆட்கள் இதற்குச் செய்த வைத்தியம் செலவில்லாதது. குருத்து விடும் நேரத்தில் வெட்டுவதில்லை. மழை ஓய்ந்த கையோடு, குருத்து உயர்ந்து முடிந்தபின் வெட்டினால் தடிக்குள் மாவு குறைந்திருக்கும், ஏனென்றால் சேமித்ததைக் குருத்துக்குக் கொடுத்துவிட்டிருக்கும். தேய்பிறையில் வெட்டு என்ற சொல்லும் உண்டு, பெரியவர் அதில் உறுதியாக இருக்கிறார். நிலவைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், பருவத்தின் காரணம் தெளிவாக விளங்குகிறது. முற்றிய தடியை அடையாளம் காணவும் வழி உண்டு. இளந்தடியில் வெண்சாம்பல் படிந்திருக்கும், மடல் ஒட்டியிருக்கும். முற்றிய தடியில் பாசியும் வெள்ளைத் திட்டும் பிடித்திருக்கும். வெட்டியதை ஓடும் நீரில் ஒன்றிரண்டு மாதம் அமிழ்த்தி வைப்பார்கள். மாவு கரைந்து போகும். நாற்றம் ஊரைத் தூக்கும், அது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். பிறகு நிழலில், நிமிர்த்தி வைத்து, பொறுமையாகக் காயவிட வேண்டும். ஆற்றிலும் ஓடையிலும் இப்போது ஊறப்போட இடமில்லாதவர்கள் வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தொட்டியில், கணுத் தடுப்புகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு ஊறவைக்கலாம். இந்த உப்புகள் மழையில் கரைந்து போகக்கூடியவை. அதனால் இப்படிப் பதப்படுத்தியதும் கூரைக்குக் கீழே இருக்கத்தான் சரி.

இதற்குத் தேவை ஒரு தொட்டி, ஒரு கொட்டில், இரண்டு மூன்று மாதம். பெரிய தொழிற்சாலை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதத்துக்கு யார் பணத்தை முடக்குவது? கூடை பின்னுகிறவர் அன்றன்று விற்று அன்றன்று சாப்பிடுகிறவர். கடைக்காரருக்கு நாளை அடுக்க இன்றே சரக்கு வேண்டும். வாங்குபவருக்குப் பதம் பார்த்த மூங்கிலுக்கும் பார்க்காத மூங்கிலுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் கூட்டிக் கொடுக்க மாட்டார். மூவரும் தத்தம் இடத்தில் நியாயமானவர்கள். இலங்கையில் மூங்கில் தொழிலை வளர்க்க ஐக்கிய நாடுகளின் தொழில்வளர்ச்சி அமைப்பு உட்படப் பலர் திட்டம் போட்டார்கள், கன்றுகளும் நட்டார்கள். நடுவதற்குக் கிடைக்கும் படமும் கைதட்டலும் ஊறவைப்பதற்குக் கிடைப்பதில்லை. பிரதேச சபைக்கு ஒன்றாக, காசு கட்டி ஊறவைத்துக் காயவைத்துக் கொடுக்கும் ஒரு பொதுக் கொட்டில் இருந்தால், நெல் குத்த ஆலைக்குக் கொண்டுபோவதுபோலத் தடியைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கலாம். ஆயிரம் கன்று நடுவதைவிட இதுதான் முதலில் வேண்டும் என்று நினைக்கிறேன். தரம் பார்ப்பதற்கும் இப்போது வழிகாட்டல் இருக்கிறது. தடியை வகைப்படுத்தவும், சோதிக்கவும், கட்டடத்துக்குக் கணக்கிடவும் சர்வதேசத் தரநிலைகள் தனித்தனியே வந்துவிட்டன, கட்டடத்துக்கானது 2021இல் புதுப்பிக்கப்பட்டது.

நடுவதிலும் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. மூங்கில் வேர் ஆழம் போகாது, ஆனால் பாய் பின்னியதுபோலப் பக்கவாட்டில் பரவி மண்ணை இறுக்கிப் பிடிக்கும். ஆற்றங்கரைக்கு அது பெரிய உதவி. ஆனால் அடியில் ஏற்கெனவே அரித்துப்போன செங்குத்துக் கரையின் விளிம்பில் நட்டால், பத்தையின் பாரம் கரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். கொஞ்சம் உள்ளே தள்ளி நட வேண்டும்.

வெட்டும் விதமும் முக்கியம், கொழும்பில் அது உயிர்ப் பிரச்சினை. கணுவுக்கு வெகு மேலே வெட்டினால் அடிக்கட்டை ஒரு கோப்பைபோல நிற்கும். மழைத்தண்ணீர் தேங்கும், டெங்கு பரப்பும் நுளம்புக்கு அதைவிட வசதியான தொட்டில் வேறில்லை. கணுவுக்குச் சற்று மேலே, ஒட்டினாற்போல் வெட்டினால் தண்ணீர் நிற்காது. வேலியாக நட்ட மூங்கிலின் மேல்முனையும் அப்படித்தான். ஏற்கெனவே தவறாக வெட்டியிருந்தால் குழியில் மணல் போட்டு நிரப்பிவிடுங்கள், இன்றைக்கே.

ஒரே வகையை மட்டும் பெருமளவில் நடுவதற்கு எதிராக இன்னொரு காரணம் இருக்கிறது, அதன் பெயர் பூ. மூங்கில் இனங்கள் பல தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்து, விதைத்து, கூட்டமாகச் சாகும். சில இனங்களுக்கு அது நாற்பது, ஐம்பது வருடம், ஜப்பானின் ஒரு வகைக்கு 120 வருடம். விதை நெல்லைப் போலவே இருக்கும், மூங்கிலரிசி அதுதான். பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைந்த நான்கில் முதலாவதாகச் சங்கப் பாட்டு எண்ணுவது இந்த மூங்கில் நெல்லை. ஆனால் வடகிழக்கு இந்தியாவின் மிசோரத்தில் அதே விதை பஞ்சத்தைக் கொண்டுவந்தது. அங்கே 48 வருடத்துக்கு ஒருமுறை காடு முழுக்க ஒரே நேரத்தில் பூக்கும். கொட்டும் விதையைத் தின்று எலி பெருகும், விதை முடிந்ததும் வயலுக்குள் இறங்கும். 1959இல் அப்படி வந்த பஞ்சத்தில் உதவி சரியாகக் கிடைக்கவில்லை என்ற கோபம்தான், நிவாரணத்துக்காகத் தொடங்கிய ஓர் அமைப்பை அரசியல் இயக்கமாக்கி, 1966இல் ஆயுதக் கிளர்ச்சி வரை கொண்டுபோனது. சமாதானம் வர 1986 ஆயிற்று. ஒரு புல் பூத்ததிலிருந்து இவ்வளவும். நம் மஞ்சள் மூங்கில் பூப்பது மிக அரிது, பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. அதற்காக ஒரே துண்டிலிருந்து பெருக்கியதை நாடு முழுக்க நட்டு வைப்பது புத்தியில்லை. நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வரும்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி சொல்லித் தருகிறேன். 'இதை எத்தனை நாள் ஊறவைத்தீர்கள்?' என்று கேளுங்கள். பதில் தெரிந்தவரிடம் விலை கொஞ்சம் கூடவானாலும் வாங்குங்கள். அப்புறம் தடியின் வெட்டுமுகத்தைப் பாருங்கள், ஊசித் துளை இருந்தால் வேண்டாம். கூர்ந்து பார்க்கவிடாமல் கடும் பூச்சு பூசியிருந்தாலும் வேண்டாம்.

பழைய தட்டைக் கழற்றி எரித்தாயிற்று, வண்டு வீட்டுக் கதவு நிலைக்குப் போகாமலிருக்க. பெரியவரின் மருமகன் அவிசாவளையில் தன் வளவிலிருந்து முற்றிய தடி ஆறு வெட்டி, பின்னாலுள்ள ஓடையில் கல்வைத்து அமிழ்த்தியிருக்கிறார். சென்ற ஞாயிறு நாங்கள் போய்ப் பார்த்தோம். கிட்டப் போகவே முடியாத நாற்றம். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, ஒரு தடியைப் புரட்டி, வெட்டுமுகத்தில் நகத்தால் கீறிப் பார்த்தார். "இன்னும் மூணு வாரம்" என்றார். அதன்பிறகு நிழலில் காய ஒரு மாதம். பூச்சாடிகள் அதுவரை பல்கனித் தரையில் இருக்கின்றன.